ஓல்டான்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சாரல் தெறிக்கிற பக்கம் இருப்பவர்கள் சுவரோரமாக நகர்ந்துகொள்ளுங்கள். என் குரல் முன்னைப்போல் எட்டுவதில்லை. ராஜா ராணி வருகிற கதை அல்ல இது. ஒரு பஸ் கண்டக்டரும் அவன் பெண்சாதியும் பட்ட பாடு. கேட்டு முடித்து எழுந்து போகும்போது இதில் ஏதாவது ஒன்று உங்கள் வீடுவரை கூடவே வரும். அந்த மட்டுக்கு வாக்குத் தருகிறேன்.

நயா பைசா வந்த வருஷம், ஆனி மாதம். தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே ஒரு சந்து. அதில் ஒரே சுவரைப் பங்குபோட்டு இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருந்தேன். அடுத்ததில் வல்லிநாயகமும் சண்முகசுந்தரியும். வல்லிநாயகம் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது வயது இருக்கும். சுந்தரியும் நானும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சொளகை வைத்துக்கொண்டால், இலை வெட்டித் தூள் வைத்து உருட்டி நூல் கட்டுவது கையின் பாடு, ஊர்க் கதை வாயின் பாடு. அந்தத் தை மாதம்தான் அவளுக்கு ஐந்து மாதப் பிள்ளை கலைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு இடுப்பு நிமிரவில்லை. நூறு பீடி சுற்றுவதற்குள் நாலு தரம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வல்லிநாயகத்துக்கு முன்பு குடிப்பழக்கம் இருந்தது. அப்போது மதுவிலக்கு. குடித்தவனைப் பிடித்தால் கேஸ். ஒரு தடவை பிடிபட்டு, பஸ் முதலாளி ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த மாதம் வெறுங்கஞ்சிதான். அப்போது குற்றாலநாதர் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். மூன்று வருஷம் தொடவில்லை. சுந்தரி அதை ஒரு நகை மாதிரி சொல்லிக்கொள்வாள்.

அன்றைக்கு மத்தியானம். மேற்கே மலையே தெரியவில்லை. சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. இலை ஈரம் காயவில்லை என்று அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து நானும் அவளும் புலம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் என்னவோ மோதியது. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வல்லிநாயகம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் பின்னியது. வாய் குழறியது. காக்கிச் சட்டையிலும் தோளில் தொங்கிய துணிப்பையிலும் புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"கோமதியக்கா, இந்தா வந்து பாருங்க. சத்தியம் செஞ்ச வாயி எப்படி நாறுதுன்னு."

நான் போய்ப் பார்த்தேன். வாடை எனக்கும் அடித்தது.

"சத்தம் போடாதட்டி. சந்து முனையில போலீஸ்காரன் நிக்கான். காதுல விழுந்தா கேஸு. பின்னால கொண்டுபோயி அடச்சு வையி. தெளிஞ்ச பொறவு பேசிக்கிடலாம்."

இதைச் சொன்னது நான்தான், கண்ணுகளா. மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பேருமாக அவனைத் தாங்கிக் கொல்லையில் இருந்த விறகுப்புரைக்குக் கொண்டுபோனோம். விறகின்மேல் சரிந்து விழுந்தான். பையைப் பிடுங்கி ஒரு மூலையில் எறிந்தாள். அவன் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "ஓ... ஓ..." என்று என்னவோ சொல்லப் பார்த்தான்.

"மூணு வருசம் நம்பியிருந்தேனே. இனி எம் முகத்துல முழிக்காதீக. இப்படியே கெடந்து செத்தாலும் நான் அழமாட்டேன்."

விரல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திச் சங்கிலி போட்டாள்.

பிறகு நாங்கள் பீடி சுற்றினோம். இடையில் இரண்டு தடவை புரைக் கதவில் எதுவோ தட்டியது. இரண்டு பேருக்கும் கேட்டது. "தட்டட்டும்" என்றாள். நான் குனிந்து நூலைக் கட்டினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு செம்பு மோரோடு அவள் கதவைத் திறந்தாள். செம்பு விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் விறகோடு நசுங்கிக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் எங்களைத்தான் பார்த்தது.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது குடி இல்லம்மா. பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தம் அடைபட்டிருக்கு. வலது பக்கம் பூரா விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. எப்ப ஆச்சு?"

சுந்தரி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இப்பத்தான் அய்யா. வெளக்கு வைக்க நேரம்."

"தோள் ஏன் இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"வெறகு மேல விழுந்துட்டாக."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கீழப்பாவூரிலிருந்து அவனுடைய அக்காள் பேராச்சி வந்து இறங்கினாள். புருஷனில்லாதவள், எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. வந்த அன்றே உளுந்தங்களி கிண்டித் தம்பி வாயில் திணிக்கப் போனாள். சரியாக அந்த நேரம் சுகிர்தம் வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், அடுத்த தெருக்காரி, வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தவள்.

"பெரியம்மா, நிறுத்துங்க. படுக்க வச்சுக் கொடுத்தா பொறையேறி நெஞ்சுக்குள்ள போயிரும். நிமிர்த்தி உக்கார வச்சு, நாடியக் கீழ குனிய வச்சுக் கொடுக்கணும். தண்ணியாவும் கொடுக்கக்கூடாது. கஞ்சி கொழகொழன்னு இருக்கட்டும். கரண்டிய அவங்க இடது கையில கொடுங்க."

"எந்தம்பி கண்டக்டராக்கும். பச்சப்புள்ள மாதிரி மேலெல்லாம் சிந்திக்கிட்டுத் திங்கவா?"

"சிந்தட்டும். நீங்க ஊட்டுனா ஆயுசுக்கும் ஊட்டணும். சம்மதமா?"

பேராச்சி கரண்டியைக் கொடுத்துவிட்டாள். "நர்சம்மாளுக்கு நாக்கு நீளந்தான்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து சுகிர்தம் வருகிற நேரத்துக்குச் சுக்குக் காப்பி போட்டு மூடிவைத்திருப்பாள்.

சுகிர்தம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீட்டில் கிடக்கிற சாமானைக் கொண்டே செய்கிற வேலை. கிணற்றுக் கப்பியைக் கழற்றி உத்தரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு முனையை இடது கையிலும் மறுமுனையை வலது கையிலும் கட்டினோம். நல்ல கை இழுத்தால் கெட்ட கை எழும்பும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். முதுகில் புண் வந்துவிடக்கூடாது. காலை மடக்கி நீட்டவேண்டும். நாளாக ஆக வலது கை இறுகி மூடிக்கொண்டது. அதைத் திறப்பதற்கு ஒரு வழி காட்டினாள்.

"விரலப் பிடிச்சுப் பிடுங்காதீங்கக்கா. பிடுங்கினா இன்னும் இறுகும். முதல்ல மணிக்கட்ட உள்பக்கமா மடக்குங்க. அப்புறம் பெருவிரல வெளிய எடுங்க. மத்தது தானா இளகும்."

சுந்தரியின் முகம் செத்துப்போயிற்று. எனக்குத்தான் தெரியும் ஏன் என்று. தினமும் காலையும் மாலையும் அவன் முன்னால் உட்கார்ந்து அந்த விரல்களைத் திறப்பாள். தலை நிமிர மாட்டாள்.

"பேச்சும் கொடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள் சுகிர்தம். "அவங்களுக்கு எல்லாம் புரியுது. சொல்லத்தான் வரல. ஒரு சாமானக் காட்டி இது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டுக் காத்திருங்க. அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லிரக்கூடாது."

புரட்டாசி பிறந்தது. வல்லிநாயகம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐப்பசி மழையில் சுவரைப் பிடித்து நின்றான். கார்த்திகையில் கம்பை ஊன்றி வாசல் நடைக்கும் அடுப்படிக்குமாக நாலு எட்டு வைத்தான். சுந்தரியைப் போல் உழைத்தவளை நான் கண்டதில்லை. இடுப்பு வலியோடு அவனைத் தூக்கி நிறுத்துவாள். நூறு தடவை கால் மடக்கச் சொன்னால் நூற்றைம்பது செய்வாள். ஆனால் பேச்சு மட்டும் கொடுக்கமாட்டாள். இலையை அறுக்கிறேன், உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். வீட்டில் பேராச்சியின் குரல்தான் கேட்கும்.

சுகிர்தத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "கால் வருது. பேச்சு ஏன் நின்ன இடத்துல நிக்குது? நான் சொன்ன மாதிரி செய்யுதீங்களாக்கா?"

"செய்யுதேன் நர்சம்மா."

அவள் போன பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் சுந்தரி. வெகுநேரம் இலையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அவுகளுக்குப் பேச்சு வந்தா மொதல்ல என்ன சொல்லுவாக?"

அவளுக்கு மட்டுமா அந்தப் பயம்? கம்பை ஊன்றி வாசலுக்கு வருகிறபோது அவன் என்னைப் பார்த்தால் நான் உள்ளே போய்விடுவேன்.

மார்கழியில் ஒரு நாள் முகம்மது இஸ்மாயில் வந்தார். வல்லிநாயகம் ஓடிய பஸ்ஸின் டிரைவர். வாழைப்பழச் சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தார். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு வழக்கமான குரலில் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, டிக்கட் எல்லாம் போட்டாச்சா? வண்டிய எடுக்கலாமா?"

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரைட்."

பேராச்சி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள். இஸ்மாயில் எழுந்தே நின்றுவிட்டார். கை தட்டிக்கொண்டு, "பாவூர்சத்திரம்லாம் எறங்கு" என்றார். வல்லிநாயகத்தின் வாய் கோணிக்கொண்டே திறந்தது. "பா... பாவூர்சத்திரம். அடைக்கலப்பட்டணம். ஆலங்குளம். மாறாந்தை." இத்தனை மாதம் ஒரு சொல் வராத வாயிலிருந்து ஊர் ஊராக இறங்கியது. "சீதபற்பநல்லூர். பேட்டை. டவுணு." அங்கே மூச்சு வாங்கிற்று. "ஓல்டான்" என்றான். பஸ்ஸை நிறுத்துவதற்குக் கண்டக்டர்கள் சொல்கிற சொல்.

"ஏலே எந்தம்பி, எங்க ஊரச் சொல்லலியலே. கீழப்பாவூரு சொல்லு, கீழப்பாவூரு."

"உங்க ஊருக்கு நம்ம வண்டி போவாது அக்கா, அதான் சொல்லல" என்றார் இஸ்மாயில். பேராச்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

சுந்தரி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். இஸ்மாயில் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் செஞ்ச பாவந்தான் தாயி இது. அன்னைக்கு மத்தியானம் ஸ்டாண்டுல எறங்கினதுமே, கிறுகிறுன்னு வருது பாய், கை மரத்த மாதிரி இருக்குன்னாரு. காப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டு நான் வண்டிய எடுத்துட்டேன். கூட வந்து விட்டுருக்கணும். ஆமா, அந்த அரிஷ்டப் பாட்டிலாச்சும் வீட்டுக்கு வந்து சேந்துச்சா?"

"எந்தப் பாட்டிலு?"

"உனக்குத்தான். செங்கோட்டை வைத்தியர்ட்ட தசமூலாரிஷ்டம் சொல்லி வாங்கி வச்சிருந்தாரே. புள்ள கலஞ்சதுலருந்து எம் பெஞ்சாதிக்கு இடுப்பு நிமிரல பாய்னு வண்டி பூரா அதே பேச்சு. புளிச்ச வாடையடிக்குத மருந்துல்லா, மதுவிலக்குப் போலீஸு இதையும் குடிக்கத்தான்னு பிடிச்சிருவான்னு, பழந்துணியில சுத்திப் பைக்குள்ள வச்சிருந்தாரு."

சுந்தரி கொல்லைப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். விறகுப்புரையின் மூலையில் அந்தத் துணிப்பை அப்படியே கிடந்தது. உதறினாள். கண்ணாடிச் சில்லுகள் விழுந்தன. ஒரு சில்லில் காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தாள். த, ச, மூ, லா. அதற்கு மேல் வாசிக்கவில்லை. வரும் வழியில் எங்கோ சுவரில் சாய்ந்திருக்கிறான், பாட்டில் உடைந்து சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. அந்த வாடையைத்தான் நாங்கள் மோந்து பார்த்தோம்.

அவள் அழுவது கேட்டு, "புருசனுக்குப் பேச்சு வந்த சந்தோசத்துல அழுதா, விடுங்க" என்று உள்ளே பேராச்சி சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா, நான் அவுக வாயையும் சேத்துப் பூட்டி வச்சிருந்தேன். காலுக்கு மட்டும் ஒழச்சேன். இனி என்னையக் கொல்லுத வார்த்தையானாலும் வரட்டும். அது அவுக வார்த்தை."

அன்று முதல் பாடம் மாறியது. பீடி இலையைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பேராச்சி குறுக்கே, "இலைன்னு சொல்லேம்லே" என்றால் சுந்தரி அவள் வாயைப் பொத்துவாள். ஊர்ப் பெயரில் தொடங்கி, அந்த வேகத்திலேயே அடுத்த சொல்லைக் கோத்துவிட வேண்டும் என்பது சுகிர்தம் சொன்ன தந்திரம். "ஆலங்குளம், மாறாந்தை, தண்ணி." "பேட்டை, டவுணு, கஞ்சி." பங்குனிக்குள் பத்துப் பதினைந்து சொல் சேர்ந்தது. சரி என்பதற்கு ரைட். வேண்டாம், நில், பொறு எல்லாவற்றுக்கும் ஓல்டான். பேராச்சி களியோடு வருவதைப் பார்த்தாலே தூரத்திலிருந்து ஓல்டான் என்பான். "சவத்து மூதி, எம் பேரு வரமாட்டேங்கு, இது மட்டும் வருது பாரு" என்று அவள் திட்டுவாள். இடது கையால் ஈர இலையைப் பிரித்து அடுக்கவும் பழகிக்கொண்டான். விறகுப்புரையைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. சுந்தரி ஒவ்வொரு நாளும் அதற்காகத் தலை குனிந்து காத்திருந்தாள்.

மறு ஆனி வந்தது. வருஷத்துக்கொரு தடவை பார்க்கவேண்டும் என்று டாக்டர் வரச் சொல்லியிருந்தார். சுந்தரியும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். வல்லிநாயகம் கம்பை ஊன்றித் தானே நடந்து உள்ளே போனான். சுகிர்தம் பக்கத்தில் நின்றாள். டாக்டர் நடக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். கால் பரவாயில்லை, கைதான் தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"பேச்சப் பாப்போம். முதல்ல எப்ப விழுந்தீங்க? உங்க வாயால சொல்லுங்க."

என் காதில் அந்தப் புரைக் கதவு தட்டியது. சுந்தரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். வல்லிநாயகம் அவளைத் திரும்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். வாய் வேலை செய்தது.

"பேட்டை. டவுணு." மூச்சை இழுத்தான். "வெ... வெளக்கு. வைக்க."

"விளக்கு வைக்கிற நேரமா? நல்லாச் சொன்னீங்க" என்று டாக்டர் எழுதப்போனார்.

ஒரு வருஷம் பாடுபட்டுக் கிடைத்த சொல். அதை எடுத்து அவளுடைய பொய்யின்மேல் போர்த்திவிட்டான்.

"எழுதாதீக அய்யா" என்றாள் சுந்தரி. "மத்தியானம். பஸ்ஸு வந்த நேரம். குடிச்சிட்டு வந்திருக்காகன்னு நெனச்சு வெறகுப்புரையில போட்டுச் சங்கிலி போட்டேன். கதவத் தட்டினாக. தொறக்கல. அன்னைக்குப் பொய் சொன்னது நான்."

"அடச்சு வைக்கச் சொன்னது நான்" என்றேன். அதையாவது அன்று சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சுகிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உடனே கொண்டுவந்திருந்தாலும் அந்த அடைப்ப எடுக்க எங்ககிட்ட மருந்து கெடையாதும்மா" என்றார் டாக்டர். "அத நெனச்சு நீங்க மருகவேண்டாம்." அவள் அப்படியே நின்றாள். "வேற என்னமோ கேக்கணும்னு நிக்கிறீங்க."

"அந்தத் தோளு அய்யா."

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "அரைநாள் பூரா வெறகுமேல கை நசுங்கிக் கிடந்ததுனால தோள் கெட்டுத்தான் போச்சு. கை இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தோள் அளவுக்கு அது தன் கணக்குத்தான் என்று ஏற்றுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வல்லிநாயகம் மேற்கே கையைக் காட்டினான். குற்றாலம். சீசன் ஸ்பெஷல் பஸ்ஸில் அன்று இஸ்மாயில்தான் டிரைவர். படிக்கட்டு உயரம். கூட்டம் பின்னால் நெருக்கியது. "ஏறும்போது நல்ல கால் முன்னால, எறங்கும்போது சீக்குக் கால் முன்னால" என்று சுகிர்தம் சொல்லிக்கொடுத்ததைச் சுந்தரி மெல்லச் சொன்னாள். இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறிவிட்டான். பஸ்ஸுக்குள் ஏறியதும் அவன் முதுகு நிமிர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. புதுக் கண்டக்டர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான்.

அருவியில் தண்ணீர் நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வேகம் அவன் தலைக்கு ஆகாது என்று சுகிர்தம் முன்பே சொல்லியிருந்தாள். தள்ளியே ஒரு பாறையில் உட்காரவைத்தோம். சாரல் மட்டும் மேலே விழுந்தது. சுற்றிலும் எண்ணெய் தேய்க்கிறவர்களின் கூப்பாடு, பிள்ளைகளின் கூச்சல்.

"எல்லாம் ஞாவகம் இருந்துச்சா?" என்று சுந்தரி கேட்டாள்.

"ரைட்."

"அன்னைக்குப் புரையில நான் சொன்ன சொல்லும்?"

இதற்குப் பதில் வர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள். காத்திருக்கத்தான் இந்த ஒரு வருஷம் பழகியிருந்தாள்.

"ரைட்" என்றான். முகத்தில் சிரிப்பில்லை.

"பின்ன ஏன் டாக்டர்ட்ட அப்படிச் சொன்னீக?"

அவன் என்னவோ சொல்லப் பார்த்தான். ஊர்ப் பெயர்கள் வந்தன, நின்றன, திரும்ப வந்தன. சொல் வரவில்லை. கோபத்தில் கண் கலங்கியது. பிறகு இடது கையால் அவள் முந்தானை முனையை எடுத்து, மூடிக்கிடந்த தன் வலது கைக்குள் விரல் விரலாகத் திணித்தான். அது இறுகிக்கொண்டது.

திரும்பி வரும்போதும் அவள் அதை எடுக்கவில்லை. மேலகரம் தாண்டி, தென்காசி ஸ்டாண்டில் பஸ் நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழுந்தாள், முந்தானை இழுத்தது.

"விடுங்க, எறங்கணும்லா" என்றாள்.

"ஓல்டான்" என்றான்.

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, வண்டியவே நிறுத்திட்டீரு" என்றான் ஒருவன். பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். இஸ்மாயில் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "மெதுவா ஆவட்டும். அந்தப் பக்கத்து வாசல் வழியா எறங்குங்கப்பா."

சுந்தரி மறுபடி உட்கார்ந்தாள். அவள் பிடுங்கவில்லை. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினாள். பெருவிரலை வெளியே எடுத்தாள். மற்ற விரல்கள் இளகும்வரை அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். அதற்கு நேரம் பிடித்தது. பஸ் காத்திருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த விரல்களைத் திறந்தாள்.

முந்தானை விடுபட்டதும் அவன் சொன்னான்: "ரைட்."

அவ்வளவுதான், கண்ணுகளா. அந்தக் கை தோளுக்கு மேல் கடைசிவரை எழும்பவே இல்லை. எழும்பாத ஒவ்வொரு நாளும் அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் யார் தள்ளாடி வந்து நின்றாலும் தாங்குவதற்கு ஆள் இருக்கட்டும். குழறுகிற வாய்க்குப் பக்கத்தில் ஒரு காது இருக்கட்டும். உங்கள் உலை கொதிக்கட்டும், உங்கள் பிள்ளைகளின் இரண்டு கையும் தலைக்கு மேலே எழும்பட்டும். எந்தக் கதவு தட்டப்பட்டாலும் உங்கள் வீட்டில் அதைத் திறக்க ஒருவர் எழுந்து போகட்டும். நல்லா இருங்கள்.